யாருக்கு எந்தப் புத்தகம்? வாசகர் கேள்வி – பதில்

சமத்துவம், சமூக நீதி பற்றிய புத்தகங்களைக் கேட்டு சேலம் நகரத்திலிருந்தும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்திருக்கிறோம்.

மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு ஒன்பது. சாதி, ஏற்றத்தாழ்வு பற்றியெல்லாம் இந்த வயதிலேயே புத்தகம் வாங்கிக் கொடுக்கலாமா? இல்லாத ஒன்றை நாமே மனதில் விதைத்த மாதிரி ஆகிவிடாதா?
– ஒரு வாசகி, அம்மாபேட்டை

ஆறு வயதுக் குழந்தைக்குச் சாதி என்ற சொல் தெரியாமல் இருக்கலாம். ஆனால் வீட்டில் யாருக்கு எந்த டம்ளர், யார் வாசலோடு நிற்கிறார், வயதில் பெரியவராக இருந்தும் யாரை 'வா, போ' என்கிறோம் என்பதெல்லாம் நன்றாகத் தெரியும். அதைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை என்றால், இதுதான் முறை போலிருக்கிறது என்று அது தானே முடிவு செய்துகொள்ளும். அதனால் தாராளமாகத் தொடங்கலாம்.

ஆறு வயதுக்கு அநியாயத்தை விளக்கும் புத்தகம் வேண்டாம். வழக்கமாகக் கதைகளில் ஓரத்தில் நிற்கும் பிள்ளை நடுவில் வந்து நிற்கும் படக்கதை போதும். மஹாஸ்வேதா தேவி எழுதிய மொய்னாவின் கதை அப்படிப்பட்டது. மொய்னா சபர் பழங்குடிச் சிறுமி, ஆடு மேய்ப்பவள். நான் ஏன் தண்ணீர் சுமக்க வேண்டும், மிச்சச் சோற்றை ஏன் தின்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். துளிகா பதிப்பகம் இதைப் பல இந்திய மொழிகளில் படப் புத்தகமாகக் கொண்டுவந்திருக்கிறது.

கடையில் எந்தப் படப் புத்தகத்தை எடுத்தாலும் எழுத்தைப் படிக்கும் முன் படங்களை மட்டும் ஒரு தடவை புரட்டுங்கள். கறுப்பாக இருப்பவர் யார், என்ன வேலை செய்கிறார்? கேள்வி கேட்பது யார், பதில் சொல்வது யார்? ஏழைப் பிள்ளை முதல் பக்கத்தில் அழுது கடைசிப் பக்கத்தில் ஒரு பணக்காரரின் கருணையால் சிரித்தால், அந்தப் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடுங்கள். இரக்கம் நல்ல குணம்தான். ஆனால் இரக்கத்தோடு நின்றுவிடும் கதை, கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்பதைத்தான் பிள்ளையின் மனதில் பதிய வைக்கும்.

ஒன்பது வயது மகனுக்கு 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. ஜப்பானிய எழுத்தாளர் தெத்சுகோ குரோயாநாகி 1981-இல் எழுதியது, தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. அத்தியாயங்கள் சின்னவை, இரவுக்கு இரண்டு படிக்கலாம். விளையாட்டு விழா அத்தியாயத்தைத் தவற விடாதீர்கள். குட்டையான கை கால்கள் கொண்ட தகாஹாஷி என்ற பையன் வெல்லும்படியாகத் தலைமையாசிரியர் பந்தயங்களை வகுத்திருப்பார். எல்லாருக்கும் ஒரே கோட்டில் ஓட்டம் வைத்தால் அது சமமா என்ற கேள்வி அங்கே தானாக எழும். இட ஒதுக்கீடு பற்றிப் பின்னாளில் அவன் கேட்கப்போகும் கேள்விகளுக்கு அது நல்ல அடித்தளம். கொரியப் பையன் மசாவோ வரும் அத்தியாயமும் அப்படித்தான். ஊர் தன்னைத் திட்டப் பயன்படுத்தும் சொல்லையே எடுத்து அவன் டோட்டோவைத் திட்டுவான். படித்து முடித்ததும் விளக்கம் சொல்ல அவசரப்படாதீர்கள். அவனே கேட்கட்டும்.

ஏற்காட்டில் ஒரு மலைக் கிராமத் தொடக்கப் பள்ளி. முப்பது பிள்ளைகள், பெரும்பாலும் பழங்குடியினர், சில எஸ்டேட் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஒருவர் ஐயாயிரம் ரூபாய் தருகிறார். எப்படிச் செலவிடுவது? போன முறை வாங்கிய புத்தகங்கள் பூஞ்சை பிடித்துப் போயின.
– ஓர் ஆசிரியை, ஏற்காடு

முதலில் பணம். மொத்தத்தையும் ஒரே நாளில் செலவழிக்காதீர்கள். மூவாயிரத்தைப் புத்தகத்துக்கும் ஆயிரத்தைப் பாதுகாப்புக்கும் வைத்துவிட்டு, ஆயிரத்தைக் கையில் வையுங்கள். இரண்டு மாதம் கழித்து எந்தப் புத்தகம் கிழியும் அளவுக்குப் புரட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அந்த வகையில் இன்னும் சில வாங்கலாம். மூவாயிரத்தில் பாதி, ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி மட்டும் உள்ள படப் புத்தகங்களுக்குப் போகட்டும். மீதியில் ஒரே சிறு நூலின் ஐந்து பிரதிகள் வாங்குங்கள். ஆறு பேருக்கு ஒன்று என்று வட்டமாக உட்கார்ந்து படிக்க அது வேண்டும். ஐம்பது தலைப்பில் ஒவ்வொரு பிரதி வாங்கும் பள்ளிகளில் சேர்ந்து வாசிப்பது நடப்பதே இல்லை.

தேர்வில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். காட்டில் வாழ்பவரை இலையைக் கட்டிக்கொண்டு, ஈட்டியோடு, நகரத்துப் பிள்ளையைப் பயமுறுத்துபவராகக் காட்டும் கதைகள் இன்னமும் அச்சாகின்றன. உங்கள் வகுப்புப் பிள்ளைகள் தங்களை அந்தப் படத்தில் பார்ப்பார்கள். அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். மிளகு பறிப்பவர், காப்பிக் காட்டில் களை எடுப்பவர், சாமை விதைப்பவர் என்று வேலையும் அறிவும் உள்ள மனிதர்களாகக் காட்டும் புத்தகம் கிடைக்காவிட்டால் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர் சொல்லும் கதையை ஒரு தாளில் எழுதி, எதிர்ப் பக்கத்தில் படம் வரைந்து, எட்டுத் தாளைத் தைத்தால் ஒரு புத்தகம். அலமாரியில் மற்றவற்றோடு அதையும் வரிசையில் வையுங்கள், தனியாகக் காட்சிக்கு வைக்க வேண்டாம்.

இனி பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் 65–70 சதவீதத்தைத் தாண்டி, காற்றோட்டமும் இல்லாமல் போனால் காகிதத்தில் பூஞ்சை முளைக்கும். மலையில் மழை மாதங்களில் அது சாதாரணம். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. குளிர்ந்த சுவரில் ஈரம் வியர்த்து, பின்வரிசைப் புத்தகம்தான் முதலில் கெடும். சுவருக்கும் அலமாரிக்கும் மூன்று அங்குலமாவது இடைவெளி வேண்டும், அடித்தட்டு தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். புத்தகங்களை இறுக்கி அடுக்காமல் வரிசைக்கு நான்கு விரல் இடம் விடுங்கள். வெயில் அடிக்கும் நாளில் அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள், மூடுபனி இறங்கும் முன் சாத்திவிடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே ஈரம் தங்கிவிடும், பழுப்புத் தாள் அட்டையே நல்லது. நனைந்த புத்தகத்தை நேர் வெயிலில் காய வைத்தால் பசை விட்டுப்போகும், தாள் சுருளும். நிழலில், காற்றில், இருபது பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைத் தாள் செருகி உலர்த்துங்கள். செய்தித்தாளைச் செருகினால் மை ஒட்டும். பூஞ்சையை ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பக்கம் முழுக்கப் பரவும். நன்றாகக் காய்ந்த பிறகு வெளியில் கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு, மென்மையான தூரிகையால் தட்டுங்கள். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

சிலிகா ஜெல் பொட்டலங்கள் தட்டுக்கு இரண்டு போதும். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள், சூடாக்கினால் மறுபடி பயன்படும். பிள்ளைகள் கையில் படாதபடி கட்டி வையுங்கள். பாச்சை உருண்டை வகுப்பறையில் வேண்டாம், அதன் ஆவி சிறு குழந்தைகளுக்குக் கெடுதல். நிழலில் மொறமொறவென்று உலர்த்திய வேப்பிலையைத் துணியில் முடிந்து வைக்கலாம். பச்சையாக வைத்தால் கறை படியும். மைதாப் பசையால் எண் ஒட்டாதீர்கள், ராமபாணப் பூச்சிக்கு அந்த மாவுதான் தீனி.

இன்னொன்று. நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்த மெல்லிய புத்தகங்கள்தான் விலை குறைவு, நீங்கள் அதிகம் வாங்கப் போவதும் அவைதான். ஈரத்தில் அந்தப் பின் துருப்பிடித்து நடுத்தாள் கழன்று விழும். வாங்கிய அன்றே பின்னைக் கழற்றிவிட்டு, மடிப்பில் மூன்று துளை போட்டு, கோணி ஊசியும் தடித்த பருத்தி நூலும் கொண்டு தைத்துவிடுங்கள். நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே, மேல் துளை வழி உள்ளே, கீழ்த் துளை வழி வெளியே, மறுபடி நடுத்துளை வழி உள்ளே வந்து முடிச்சு. ஒரு புத்தகத்துக்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது.

சாதி பற்றிய கதையை ஏழாம் வகுப்பில் படித்தேன். வகுப்பு முழுக்கத் திரும்பி ஒரே ஒரு மாணவனைப் பார்த்தது. அவன் அடுத்த நாள் வரவில்லை. எங்கே தவறு?
– ஓர் ஆசிரியர், ஓமலூர் வட்டம்

உங்கள் கடிதத்தைப் போலவே இன்னும் இரண்டு வந்திருக்கின்றன. கதையில் அடி வாங்குபவரின் அடையாளமும் வகுப்பில் ஒரு பிள்ளையின் அடையாளமும் ஒன்றாக இருந்தால், மற்றவர்களுக்கு அவன் கதையின் விளக்கப்படம் ஆகிவிடுகிறான். யார் செய்தார்கள் என்பது மறைந்து, யாருக்கு நடந்தது என்பது மட்டும் வெளிச்சத்துக்கு வருகிறது.

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் தூரத்துக் கதை, பிறகு அருகில் உள்ளது. மேலே சொன்ன மசாவோ அத்தியாயம் ஒரு வாரம், அடுத்து அமெரிக்காவில் கறுப்பின மக்கள் அனுபவித்த நிறவெறி ஒரு வாரம். அதற்குப் பிறகு விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு'. பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் கயிறை வைத்துச் சாதியைப் பேசும் சிறு நூல் அது. ஒரே வகுப்பில் படித்து முடிக்கலாம். கையில் வண்ணக் கயிறு கட்டுவதைப் பள்ளிகளில் தடை செய்ய வேண்டும் என்று நீதிபதி கே. சந்துரு ஒரு நபர் குழு 2024-இல் அரசுக்குப் பரிந்துரைத்ததையும் சேர்த்துச் சொல்லலாம்.

நாற்பது நிமிட வகுப்பில் பதினைந்து நிமிடம் வாசிப்பு, மீதி பேச்சு. கேள்விகளைச் செய்தவர் பக்கம் திருப்புங்கள். அவன் ஏன் அப்படிச் செய்தான், யாரிடம் கற்றான், பக்கத்தில் நின்றவர்கள் என்ன செய்திருக்கலாம்? "உங்கள் வீட்டில் எப்படி?" என்று கேட்கக் கூடாது. எந்தப் பிள்ளையின் சாதியும் வகுப்பில் வெளிப்படக் கூடாது. பதிலைப் பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் வாங்கி நீங்களே படியுங்கள், கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்க இடம் கொடுக்காதீர்கள். நடித்துக் காட்டச் சொல்வதை விட்டுவிடுங்கள். ஒடுக்கப்படுபவராக நடித்த பிள்ளைக்கு அந்தப் பெயரே பட்டப்பெயராக நிலைத்துவிடும். கடைசியில் எல்லாரையும் கைகுலுக்கச் சொல்வதும் வேண்டாம், பிரச்சினை தீர்ந்துவிட்டது என்ற பொய்யை அது சொல்கிறது.

யாராவது சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகப் பேசினால் வாசிப்பை நிறுத்தி, அது தவறு என்று அந்த நிமிடமே எல்லார் முன்னும் சொல்லுங்கள். பேசியவனிடம் தனியாக விரிவாகப் பேசலாம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைத் தள்ளிப்போடக் கூடாது. வராமல் போன மாணவனின் வீட்டுக்கு நீங்கள் போய் வாருங்கள். தவறு அவனுடையது அல்ல என்று ஆசிரியர் வாயால் அவன் கேட்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு படிக்கிறேன். அம்பேத்கரைப் படிக்க ஆசை. நூலகத்தில் வரிசையாகத் தடித்தடியாக இருக்கிறது. எதில் ஆரம்பிப்பது?
– ஒரு மாணவன், செவ்வாய்ப்பேட்டை

தொகுதிகளில் ஆரம்பிக்காதே தம்பி. முதலில் 'பீமாயணம்'. அம்பேத்கரின் வாழ்க்கை அனுபவங்களைக் கோண்டு பழங்குடி ஓவியர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் வரைந்த படநூல், தமிழில் காலச்சுவடு வெளியீடு. வழக்கமான காமிக்ஸ் போலக் கட்டம் கட்டமாக இருக்காது. மனிதர்களை நாங்கள் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம் என்று ஓவியர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அன்பாகப் பேசுபவரின் பேச்சு பறவை வடிவில் இருக்கும், விஷமாகப் பேசுபவரின் பேச்சுக்குத் தேள் கொடுக்கு இருக்கும். அதைக் கவனித்துக்கொண்டே படி.

அடுத்து, 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று அம்பேத்கர் தலைப்பிட்ட சிறு தன்வரலாற்றுக் குறிப்பு. முதல் பகுதியில் 1901-இல் அப்பாவைப் பார்க்கப் போகும் அம்பேத்கரும் மற்றச் சிறுவர்களும் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். நல்ல உடை போட்டிருப்பதைப் பார்த்து அன்பாகப் பேசிய நிலைய அதிகாரி, மகர் சாதி என்று தெரிந்ததும் விலகிப் போகிறார். இரட்டை வாடகை கொடுத்தும், வண்டியைச் சிறுவர்களே ஓட்ட வேண்டியிருக்கிறது, வண்டிக்காரர் கூடவே நடந்து வருகிறார். கையில் சோறு இருந்தும் இரவு முழுக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. இதை எழுதுபவர் எங்கேயும் குரலை உயர்த்துவதில்லை என்பதைப் பார்.

பிறகு 1936-இல் வந்த 'சாதியை அழித்தொழித்தல்'. லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற சாதி ஒழிப்பு அமைப்பின் மாநாட்டுக்குத் தலைமையுரையாக எழுதியது. உரையைப் பார்த்து அமைப்பினர் மாற்றச் சொல்ல, அவர் மறுக்க, மாநாடே நடக்கவில்லை. சொந்தச் செலவில் அச்சிட்ட 1,500 பிரதிகளும் இரண்டு மாதத்தில் தீர்ந்தன. தமிழில் பல மொழிபெயர்ப்புகள் உண்டு. வாங்கும்போது அந்த அமைப்போடு நடந்த கடிதப் போக்குவரத்தும், காந்தியின் மறுப்பும், அதற்கு அம்பேத்கரின் பதிலும் சேர்ந்த பதிப்பா என்று பார்த்து வாங்கு. அவை இல்லாத மலிவுப் பதிப்பில் பாதி விவாதம் காணாமல் போகும். ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் அல்ல, வேலை செய்பவர்களின் பிரிவினை என்று அவர் வாதிடும் இடத்துக்கு வரும்போது உன் தெருவில் யார் என்ன தொழில் செய்கிறார்கள், யாருடைய பிள்ளை எந்தத் தொழிலுக்குப் போகிறது என்று யோசித்துப் பார்.

கல்லூரியில் வாசிப்பு வட்டம் தொடங்கியிருக்கிறோம். நம் பக்கத்து மண்ணைப் பேசும் நாவல்கள் எவை?
– மாணவிகள், சேலம்

நாமக்கல் பக்கமெல்லாம் 1997 வரை சேலம் மாவட்டம்தான். எனவே பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' உங்களுக்கு மிகப் பக்கம். பண்ணையில் ஆடு மேய்க்க விடப்பட்ட கூளையன் என்ற சிறுவனின் உலகம் அது. முதல் ஐம்பது பக்கம் மேய்ச்சலும் விளையாட்டுமாக மெதுவாகப் போகிறதே என்று கீழே வைத்துவிடுபவர்கள் உண்டு. அந்த மெதுவில்தான் பண்ணயக்காரர் மகனும் மேய்க்கும் பையனும் எந்த இடம் வரை நண்பர்கள் என்பது தெரியவரும். அவரது 'பூக்குழி'யில் சாதிப் பெயர் ஒரு இடத்திலும் வராது. ஏன் என்று ஒரு மாலை முழுக்க விவாதிக்கலாம்.

மலைக்காக இரண்டு. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி இரா. முருகவேள் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு'. முன்பணம் கொடுத்துக் கங்காணிகள் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்த காலம். டேனியல் தோட்ட மருத்துவராக இருந்தவர், அதனால் நோயையும் சாவையும் பற்றி எழுதும்போது கை நடுங்குவதில்லை. ஆனால் இது ஆனைமலைத் தேயிலை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களின் வரலாறாக இதைப் படித்துவிடக் கூடாது. இங்கே காப்பி 1820-களிலேயே வந்துவிட்டது, பயிரும் வேலை முறையும் வேறு. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு மட்டும் இந்த நாவலே போதிய விளக்கம். இரண்டாவது ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி', 2004. சத்தியமங்கலம் காட்டில் சோளகர் பழங்குடி மக்கள், வீரப்பனுக்கான தேடுதல் வேட்டைக்கு நடுவில் சிக்கிய கதை. சித்திரவதைக் காட்சிகள் கடுமையானவை. வட்டத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், படிக்க முடியாதவர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகலாம் என்று.

பாமாவின் 'கருக்கு' (1992) தெற்கத்திக் கதைதான், ஆனாலும் விடாதீர்கள். பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கி வருவதைப் பார்த்துச் சிறுமி சிரிக்கிறாள். அண்ணன் சொன்ன பிறகுதான் விஷயம் புரிகிறது. பேச்சுத் தமிழ் முதலில் தடுக்கும். வாய்விட்டுப் படித்தால் மூன்றாம் பக்கத்தில் சரியாகிவிடும்.

மகளிர் குழுவில் சேர்ந்து படிக்க ஒரு புத்தகம்? எட்டாவது, பத்தாவது படித்தவர்கள் நாங்கள்.
– ஒரு வாசகி, குகை

பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?'. பத்துக் கட்டுரைகள், மலிவுப் பதிப்பு எளிதில் கிடைக்கும். முதல் கட்டுரை 'கற்பு', அங்கே தொடங்கும் குழுக்களில் பாதிப் பேர் அடுத்த வாரம் வருவதில்லை. 'சொத்துரிமை'யில் தொடங்குங்கள். பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு என்று 1929-இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989-இல். இடையில் அறுபது ஆண்டு. உங்களில் எத்தனை பேருக்குப் பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு வந்தது என்ற பேச்சு தானே கிளம்பும். அதன்பின் 'விதவைகள் நிலைமை', பிறகு முதல் கட்டுரை. கதைதான் வேண்டும் என்றால் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் எழுதிய 'தாசிகள் மோசவலை'. தேவதாசி முறையை உள்ளிருந்து பார்த்தவர் எழுதிய நாவல், நடை பழையது. யாராவது ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்பது நல்லது.

'முதல் ஆசிரியர்' நூலை ஆறாம் வகுப்புக்குப் பரிசாகக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், சூரமங்கலம்

வேண்டாம். சிங்கிஸ் ஐத்மாத்தவின் அருமையான குறுநாவல் அது. ஓடையில் பிள்ளைகளைத் தூக்கிக் கடக்கும் ஆசிரியரை மட்டும் நினைவில் வைத்துப் பலர் சிறுவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அல்தினாய் என்ற சிறுமி கட்டாயமாக இரண்டாம் தாரமாக்கப்பட்டு வன்முறைக்கு ஆளாவதும் அதில்தான் இருக்கிறது. பதினைந்து வயதுக்கு மேல் கொடுங்கள்.

காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு வழி?
– பலர்

சிறுவர் கதைகளுக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம். தமிழ்க் கதைகள் நான்கு படித்தரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இலவசமாக இறக்கி, அச்சடித்துக்கூடக் கொடுக்கலாம், உரிமம் அதை அனுமதிக்கிறது. ஆனால் எல்லாக் கதையும் ஒரே தரம் இல்லை, மொழிபெயர்ப்பு சரளமாக இருக்கிறதா என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தே தேர்ந்தெடுங்கள். பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்.

அதற்கெல்லாம் முன்னால் உங்கள் கிளை நூலகம். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறீர்கள், அது உங்கள் பணத்தில் நடப்பது. இல்லாத புத்தகத்தை வாய்மொழியாகக் கேட்டால் 'இல்லை' என்ற பதிலோடு முடிந்துவிடும். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் தாளில் எழுதி, ஐந்தாறு உறுப்பினர்கள் கையெழுத்திட்டு நூலகரிடம் கொடுங்கள், நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிட்டால், அங்கே வாங்கும் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.